ஏலக்காரியின் இரண்டாவது லேசர்

நடுத்திட்டுக் குப்பத்தில் மீன் ஏலம் கூவுவது வினோதினி. பழவேற்காடு ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற மணல்மேட்டில்தான் அந்தக் குப்பம். அங்கே ஏலம் கேட்கிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. கூவுகிறவள் மட்டும் கூவுவாள். விலை ஏற ஏற அவள் பார்வை கூட்டத்தைச் சுற்றி வரும். மீன் வேண்டுமென்கிறவள் அந்தப் பார்வை தன்மேல் படும்போது இமையைத் தாழ்த்துவாள். ஒருத்தி புருவத்தைத் தூக்குவாள், இன்னொருத்தி மூக்குத்தியைத் தொடுவாள். கூவுகிறவள் கண் அவள்மேல் சற்றே நின்று நகர்ந்தால் அவள் கேட்ட விலை கணக்கில் ஏறிவிட்டது என்று பொருள். மேலே போக யாரும் இல்லையென்றால் "முடிஞ்சிது" என்று சொல்லி, எடுத்தவளின் அன்னக்கூடையைக் காலால் குவியல் பக்கம் தள்ளிவிடுவாள். யார் எடுத்தது என்பது ஊருக்கே தெரியும். யார் கேட்டுத் தோற்றது, யார் விலையை ஏற்றிவிட்டது என்பது கூவுகிறவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்குக் காரணம் உண்டு. மீன் எடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் அக்கா, தங்கை, மாமியார், மருமகள், சம்பந்தி. எடுத்த மீனைத் தூக்கிக்கொண்டு ஒரே ஷேர் ஆட்டோவில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள். காலையில் கரையில் கழுத்தறுத்துக்கொண்டால் ஆட்டோவில் எப்படி உட்காருவது? அதனால் கழுத்தறுப்பு எல்லாம் கண்ணோடு முடிந்துவிடும்.

வினோதினிக்கு முன்னால் அவள் நைனா தேசப்பன் கூவிக்கொண்டிருந்தார். தொண்டையில் கட்டி வந்து, வைத்தியம் முடிந்தபோது குரல் போய்விட்டது. அவர் தேறி வருகிற வரைக்கும் என்று சொல்லித்தான் அவளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. குரல் நைனாவுடையதைவிடக் கணீரென்று இருந்தது. எதற்கும் முகம் சுளிக்காத சுபாவம். படகுக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. குறையென்று இருந்தது ஒன்றுதான். ஆறாம் வகுப்பிலிருந்தே அவள் சோடாபுட்டிக் கண்ணாடி.

அந்தக் கரையில் கூவுகிறவர் கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. கிழக்கே பார்த்து நின்றால், கடலைவிட்டு எழும்புகிற வெயில் நேரே முகத்தில் அடிக்கும். கண்ணாடியில் பட்டு இரண்டு வெள்ளித் தட்டு மாதிரி மின்னும். உள்ளே கண் எங்கே பார்க்கிறது என்று எதிரே நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

பழவேற்காடு ஊரிலிருந்து நண்டு எடுக்க வருகிற கைருன் பீவி இரண்டாம் நாளே கேட்டுவிட்டாள். "ஏ புள்ள, நீ என்னப் பாக்குறியா, எம் பின்னால படுத்துனுகீற நாயப் பாக்குறியா?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூவிப் பார்த்தாள். மீன் குவியலும் பெண்கள் கூட்டமும் ஒரே மாதிரி தெரிந்தன. லென்ஸ் போட்டுப் பார்த்தாள். உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் கண் சிவந்து கொவ்வைப்பழமாகிவிட்டது. கடைசியில் தேசப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார். போன மத்தியானமே லேசர் போட்டார்கள். ஒரு கண்ணுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் பஸ்ஸில் திரும்பும்போது பனைமரத்தின் ஒவ்வொரு மட்டையும் தனித்தனியாகத் தெரிந்தது. டாக்டர் சொன்ன நூறு கூடாதுகளில் பாதியை மறந்துவிட்டு நாலாம் நாள் கரையில் நின்று கூவினாள். ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப்பிறகு குப்பத்தில் அவள் பெயரே லேசர் என்று ஆகிப்போனது. "லேசரு வந்துட்சி, பொட்டிய எறக்கு" என்பார்கள் படகுக்காரர்கள். மோகன்குமாரோடு கல்யாணம் பேசியபோது அவனுடைய அக்கா கலைவாணி, "எங்க வூட்டுக்கு இனிமே ராத்திரில லைட்டு வாணாம்" என்றாளாம்.

மகள் பிறந்த பிறகு பார்வை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. ஒரே நாளில் இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும். வருஷக் கணக்கில், ஏரியில் சேறு படிகிற மாதிரி இறங்கியது. தெரிந்தபோதும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எந்தக் கரையிலும் ஆட்கள் அவரவர் இடத்தில்தான் நிற்பார்கள். வடக்கு ஓரத்தில் முத்தம்மாள், அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி கலைவாணி, நடுவில் கைருன் பீவி, ஐஸ் பெட்டியை ஒட்டி வேலம்மா. வேலம்மாவுக்கு இமையோடு தாடையும் இறங்கும். முத்தம்மாள் கையை மூக்குத்திக்குக் கொண்டுபோனால் வளையல் சத்தம் கேட்கும். கலங்கலாகத் தெரிந்த உருவங்களை இப்படி ஞாபகத்தை வைத்து நிரப்பிக்கொண்டு வினோதினி நாலைந்து வருஷம் கூவினாள். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை.

போன கார்த்திகையில் கடல் கரையை அரித்தது. படகு இழுத்துவிடுகிற இடமே மடிந்து தண்ணீரில் விழுந்துவிட, ஏலத்தைத் தெற்கே தள்ளிப் போட்டார்கள். மேடும் பள்ளமுமாக இருந்த அந்த இடத்தில் பெண்கள் கால் நின்ற இடத்தில் நின்றார்கள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது கைருன் பீவி. வேலம்மா பின்வரிசையில் எங்கேயோ இருந்தாள்.

முதல் குவியல் காரப்பொடி, சின்னப் பொடிமீன். கைருன் பீவியின் கண்ணில் மணல் விழுந்தது. கசக்கினாள். "முடிஞ்சிது" என்று வினோதினி அவள் கூடையைத் தள்ளினாள்.

"யா அல்லா! எனக்கு எதுக்குடி காரப்பொடி? நண்டுக்கு சோறு போடவா?"

எல்லோரும் சிரித்தார்கள். வினோதினியும் சிரித்து வைத்தாள். அடுத்து வஞ்சிரம். அந்த வாரத்திலேயே அதுதான் நல்ல மீன். விலை ஏறியது, நின்றது. முடிஞ்சிது என்று கூடையைத் தள்ளினாள். அது கலைவாணியின் கூடை.

பின்வரிசையிலிருந்து வேலம்மா இறங்கி வந்தாள். அறுபதைத் தாண்டியவள், வினோதினிக்குப் பெரியம்மா முறை.

"மூணு வாட்டி கண்ண மூடினேன்டி. செத்தவ மாரி மூடினேன். எம் மேல ஒரு வாட்டியாச்சும் நின்னுச்சா உங் கண்ணு? நாத்தனாருக்கு மட்டுந்தான் லேசரு வேல செய்யுதா?"

"பெரிம்மா, நான் பாக்கலியே..."

"அதத்தான் நானும் சொல்றேன். பாக்கல."

வினோதினிக்கு அங்கே இரண்டே வழிதான் இருந்தது. வேண்டுமென்றே செய்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லை கண் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதைச் சொன்னாள். சில பெண்கள் தாங்கள் இத்தனை வருஷம் எடுத்த மீனும் எடுக்காமல் விட்ட மீனும் ஞாபகம் வந்தவர்கள் மாதிரி அவளைப் பார்த்தார்கள். அதுவும் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

படகுக்காரர்களுக்குத் தலைவர் தேவதாஸ். சாயந்திரம் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே பேசினார்.

"இத பாரு வினோதினி. பொங்கலுக்குத்தான் அடுத்த வருசம் கூவறவங்களுக்கு வெத்தல பாக்கு வைக்கறோம். அதுக்குள்ள கண்ண சரி பண்ணிக்கினு வந்து நில்லு. வந்துட்டா உனக்கு. இல்லாங்காட்டி நம்ப உதயகுமார்கிட்ட குடுத்துருவோம். அது வரிக்கும் அவனே கூவட்டும்."

உதயகுமார் அவருடைய தம்பி. குரலுக்குப் பதில் மைக் செட் வைத்திருந்தான்.

இரண்டாவது முறை சென்னைக்கு மோகன்குமார் கூட வந்தான். டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணை எத்தனையோ மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியே போட்டுக்கொள்ளலாமே, இப்போது எவ்வளவோ நல்ல ஃபிரேம் வந்திருக்கிறதே என்றாள். வினோதினி வெயிலைப் பற்றிச் சொன்னாள்.

"அப்ப நீங்க இந்தப் பக்கம் திரும்பி நிக்கலாமே?"

"கடலுக்கு முதுகு காட்டக் கூடாதுங்க."

டாக்டர் மெஷினில் வந்த தாளைத் திருப்பினாள். போன தடவை மாதிரி இப்போது செய்ய முடியாது, கருவிழியில் அவ்வளவு கனம் மிச்சமில்லை என்றாள். மேல்தோலை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு அதன்மேல் லேசர் விடலாம். தோல் திரும்ப வளரும். நாலைந்து நாள் எரியும். பார்வை உடனே வராது, மெல்லத் தெளியும். வெயிலில் போனால் மூன்று மாசம் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். எல்லாவற்றுக்கும் வினோதினி தலையாட்டினாள். கடைசியில் சொன்னதை, கத்திரிக்காய் சாப்பிடாதே என்று சொன்னால் கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டுக்கொண்டாள். போன தடவையும்தான் என்னென்னவோ சொன்னார்கள்.

கண்ணை மரக்கவைக்கச் சொட்டு மருந்து விட்டு, இமை மூடாமலிருக்கக் கம்பி மாட்டினார்கள். சுழலுகிற பிரஷ் ஒன்று கருவிழியின்மேல் வந்து உட்கார்ந்தது. வலிக்கவில்லை. ஆனால் மடவை மீனுக்குச் செதில் தேய்க்கிற மாதிரி தன் கண்ணைத் தேய்க்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு ஒரு பச்சைப்புள்ளி. மயிர் கருகுகிற வாடை.

"அசையாதீங்கம்மா. புள்ளியவே பாருங்க."

அசையாமல் ஒரே இடத்தைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

அதன்பிறகு ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டிவிட்டு ஒரு வாரம் படுத்துக் கிடந்தாள். மிளகாய்த்தூள் போட்ட மாதிரி எரிந்தது. மோகன்குமார் சொட்டு மருந்து விட்டான். பாதி மூக்கில் விழுந்தது, பாதி காதுக்குப் போனது. அவன் விரலில் எஞ்சின் டீசல் நாறியது.

"கண்ணு எங்க கீதுன்னு தெரியுதா இல்லியா உனக்கு?" என்றாள்.

"நீ ஆடாத இருந்தா தெரியும்."

"லேசரு போடறவங்களே ஆடாதேன்னுதான் சொன்னாங்க, ஆனா கண்ணுலதான் போட்டாங்க."

கலைவாணி சமைத்துக்கொண்டு வந்து போடுவாள், கரைச் செய்தியும் அவளிடமிருந்துதான். உதயகுமாரின் மைக்குக்கு நாய்களெல்லாம் ஊளையிடுகின்றன. உதயகுமார் ஒருத்தி மேலேயே பார்வையை வைத்திருக்கிறான், அவள் மீன் எடுக்க வந்தவளே இல்லை, சுண்ணாம்புக்குளத்திலிருந்து விருந்துக்கு வந்த பெண். "ஆனா தப்பா கூவலடி வினோ. கண்ணு நல்லாதான் தெரியுது அந்தப் பையனுக்கு" என்றும் சொன்னாள்.

மூன்றாம் வாரம் டாக்டரிடம் காட்டினாள். வலது கண் பளிச்சென்று வந்திருந்தது. இடது கண் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. சந்தோஷத்தில், கறுப்புக் கண்ணாடியைக் காலையில் மட்டும் கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"வெயில்ல கூடவே கூடாது. எடுத்தீங்கன்னா கருவிழியில புகை மாதிரி படிஞ்சிடும். அப்புறம் மூணாவது வாட்டி தேய்க்க உங்க கண்ணுல இடமில்லம்மா."

திரும்பி வரும்போது ரயிலிலும் அவள் கறுப்புக் கண்ணாடியோடுதான் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியால் வந்த வினையைத் தீர்க்கப் போய், அதைவிடக் கறுப்பான கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கியபோதுதான் மோகன்குமாரிடம், "எல்லாத்துக்கும் தலையாட்டிட்டேன்" என்றாள்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் கரைக்குப் போனாள். போகாவிட்டால் வெற்றிலை பாக்கு உதயகுமாருக்கு என்பது முடிந்த கதை. கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் படகில் நின்றவன் விசில் அடித்தான். "ஷூட்டிங்கு எந்தப் பக்கம்க்கா?"

வேலம்மா அவளைச் சுற்றி ஒரு முறை வந்து பார்த்தாள். "அப்ப நீ பாக்கறது எங்களுக்குத் தெரிஞ்சுது, உனக்குத் தெரியல. இப்ப உனக்குத் தெரியுது, நீ பாக்கறது எங்களுக்குத் தெரியல. எதுக்குடி இவ்ளோ செலவு?"

வினோதினி தேவதாஸிடம் போனாள். "இன்னிக்கி ஒரு நாளு கூவறேண்ணா. யாரு கேட்டாங்களோ அவங்க பேரைச் சொல்லிடறேன். கண்ணப் பாக்கவே வாணாம்."

தேவதாஸ் யோசித்தார். "எப்பிடியோ கூவு. மீனு வித்தா சரி."

முதல் குவியல் கிழங்கான் மீன். விலையைச் சொல்லிச் சுற்றிலும் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்தும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு புருவம் உயர்ந்தது. "கலைவாணி அண்ணி" என்றாள். ஒரு கை மூக்குத்தியைத் தொட்டது. "முத்தம்மா அத்தே." மறுபடி புருவம். "அண்ணி." மறுபடி மூக்குத்தி. "அத்தே." மூன்றாவது சுற்றில் கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது.

முத்தம்மாள் கலைவாணியின் மாமியார். இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே உலை, ஒரே ஆட்டோ.

"நீயாடி?" என்றாள் முத்தம்மாள்.

"ஏன், நீ மட்டுந்தான் கேக்கணுமா அத்தே?"

"தெனம் நீதான் ஏத்தி வுட்டியா? கிழங்கான் எனக்கு வாடிக்கன்னு உனக்குத் தெரியாது?"

"நீ ஏத்தினதுலதான் போன வாரம் எனக்கு ஒன்னும் நிக்கல. இதுல ஆட்டோல வரசொல்ல, 'எவளோ ஒருத்தி ஏத்தறா, அவ வாயில மண்ணு விழ'ன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

கைருன் பீவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். ஆனால் இரண்டாவது குவியலுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வினோதினி விலை சொன்னாள். ஒருத்தி இமையைத் தாழ்த்தினாள். அவள் பெயர் சொன்னதும் மற்றவர்கள் எல்லோரும் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவளுடைய தங்கை அங்கே இருந்தாள், மச்சினி இருந்தாள், மகளைக் கொடுத்த இடமும் இருந்தது. பெயர் தெரிகிற இடத்தில் யார் அவளுக்கு மேலே ஏறுவார்கள்? முதல் விலைக்கே முடிந்தது. மூன்றாவதும் அப்படியே. நாலாவது, உதயகுமார் படகு கொண்டுவந்த இறால். பெரிய இறால், அப்போதுதான் வந்து துள்ளிக்கொண்டிருந்தது. அதுவும் முதல் விலைக்கே போனது. எடுத்தவளுக்கே கூச்சமாகிவிட்டது.

படகுக்காரர்கள் முகம் தொங்கிப்போயிற்று.

ஏலம் கலைந்ததும் தேவதாஸ் வந்தார். "நாளிக்கி பேரு சொல்லாத."

"சொல்லலன்னா யாருக்கும் தெரியாதே அண்ணா."

"கண்ணாடிய கழட்டிடு."

"கழட்டினா கண்ணு பூடும். அப்புறம் போட லேசரு இல்லன்னுட்டாங்க."

"மைக் செட்ட எடுத்தாரட்டுமா?" என்றான் உதயகுமார்.

"நீ சும்மா இருடா" என்றார் தேவதாஸ். "உன் எறா இன்னாத்துக்குப் போச்சுன்னு பாத்தல்ல?"

"அதுக்கு நான் இன்னா பண்ணேன்?"

அவன் ஒன்றும் பண்ணவில்லைதான். அவன் கூவியிருந்தால் இறாலுக்கு நல்ல விலை வந்திருக்கும். வினோதினிக்கு அது தெரிந்தது. தேவதாஸுக்கும் தெரிந்தது, அவர் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் மோகன்குமார், அதுவரை வலையைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக இருந்தவன், நிமிர்ந்தான்.

"வலைக்கூடத்துல வெயில் வராது" என்றான்.

வலை பின்னவும் காயப்போடவும் அரசாங்கம் கட்டிக் கொடுத்த கூடம் அது. சிமெண்ட் தரை, கடல் பக்கம் மட்டும் திறப்பு, அங்கேயும் வெயில் உள்ளே வராமல் தாழ இறக்கிய கூரை. கரையிலிருந்து நல்ல தூரம். அங்கே வரைக்கும் யார் மீனைத் தூக்குவது என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மணலில் கால் புதையப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஒருத்தி கண்ணுக்காக ஊரே நடப்பதா என்றார்கள்.

தேவதாஸ் கையை உயர்த்தினார். "கத்தாத. ஒரு நாளு பாப்போம். வெயில் வராத எடத்துலயும் இவளுக்குச் சரியா தெரியலன்னா, பொங்கலன்னிக்கி உதயகுமாருக்கு வெத்தல. அப்பால யாரும் ஒன்னும் சொல்லக் கூடாது. நீயுந்தான் வினோதினி."

"சொல்ல மாட்டேண்ணா."

மறுநாள் கூடத்தில் மீனைப் பரப்பினார்கள். தூக்கிக்கொண்டு வந்தவர்கள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்கள். வினோதினி திறப்பைப் பார்த்து நின்றாள். கடல் தெரிந்தது. வெயில் வாசலோடு நின்றிருந்தது. கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எதிரே இருந்தவர்கள் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். ஓரம் சிவந்து, ஈரமாக, கொஞ்சம் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தன கண்கள். அவளும் அவர்களைப் பார்த்தாள். வேலம்மாவின் தலை முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்ததென்று அவளுக்குத் தெரியவில்லை. முத்தம்மாளும் கலைவாணியும் கூடத்தின் இரண்டு மூலையில் நின்றார்கள்.

சங்கரா போனது. கவளை போனது. யாரும் குறை சொல்லவில்லை. மூன்றாவது, வஞ்சிரம். நாலே மீன், ஒவ்வொன்றும் கை நீளம்.

விலை சொன்னாள். கலைவாணியின் புருவம் உயர்ந்தது. கண்ணை அவள்மேல் நிறுத்தி எடுத்தாள். கடைசி வரிசையில், தூணுக்குப் பாதி மறைவில், வேலம்மாவின் இமை இறங்கியது. இந்த முறை தாடை இறங்கவில்லை, வேண்டுமென்றே தாடையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இமை மட்டும் ஒரு நூலளவு. வினோதினியின் கண் அங்கே போய் நின்றது. கலைவாணி. வேலம்மா. கலைவாணி. இடது கண் கரகரத்தது, சிமிட்டாமல் சமாளித்தாள். வேலம்மா மறுபடி. கலைவாணியைப் பார்த்தாள். கலைவாணி புருவத்தை அசைக்கவில்லை. தம்பி பெண்டாட்டி என்ற உரிமையில் அவள் பார்வை ஏதாவது கேட்கிறதா என்று வினோதினியும் தேடவில்லை.

"முடிஞ்சிது."

கூடை எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. வேலம்மாவின் கைப்பிடி உடைந்த நீலக் கூடையைக் காலால் தள்ளினாள்.

வேலம்மா வந்து மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த வெலைக்கா? எவளோ ஏத்திட்டா, நான் மாட்டிக்கினேன். கொஞ்சம் கண்ண அப்பிடி இப்பிடி திருப்பியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்டி."

"நீ மூடின, நான் பாத்தேன் பெரிம்மா."

"பாத்தல்ல. போ, அடுத்தத கூவு."

பொங்கலன்று வெற்றிலை பாக்கு வினோதினிக்குத்தான் வைத்தார்கள். உதயகுமார் மைக் செட்டைக் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறான். தை, மாசி இரண்டு மாசமும் ஏலம் கூடத்திலேயே நடந்தது. கண் காய்ந்துபோவதால் நாலு குவியலுக்கு ஒரு முறை நிறுத்தி அவள் சொட்டு மருந்து விட்டுக்கொள்வாள். "புள்ள கண்ணுக்குத் தண்ணி, நமக்கு டீ" என்று கைருன் பீவி அந்த நேரத்துக்கு டீ சொல்லிவைக்க ஆரம்பித்தாள். பங்குனியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொள்ளலாம் என்ற பிறகு ஏலம் பழையபடி கரைக்கு வந்தது. மீன் தூக்குகிறவர்களுக்கு அதில்தான் பெரிய சந்தோஷம்.

முதல் லேசர் சில வருஷம் நின்றது. இது எத்தனை நாள் நிற்கும் என்று டாக்டரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

முத்தம்மாளும் கலைவாணியும் இப்போது பொன்னேரிக்குத் தனித்தனி ஆட்டோவில் போகிறார்கள். உலையும் இரண்டாகிவிட்டது. ஆனால் கிழங்கான் குவியலுக்கு இரண்டு பேரும் வந்து நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல், வினோதினியைப் பார்த்துக்கொண்டு.